பலாக்கட்டையும் பிக்கப்பும்

எலெக்ட்ரிக் கிடார் எதற்காகப் பிறந்தது என்று கேட்டால், ராக் இசை, இரைச்சல், நீளமுடி என்றுதான் பலரும் ஆரம்பிப்பார்கள். அசல் காரணம் ரொம்பப் பாவமானது. வாசிப்பது யாருக்கும் காதில் விழவில்லை, அவ்வளவுதான். 1920-களில் அமெரிக்க நடன அரங்குகளில் டிரம்பெட்டும் சாக்ஸபோனும் முழங்கும்போது, கிடார்காரர் என்ன வாசிக்கிறார் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்கே தெரியாது. நம்ம தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், நாதஸ்வரம் தவிலுக்கு நடுவே ஒருத்தர் வீணையோடு உட்கார்ந்த மாதிரி.

வீணைக்கும் இதே தலைவலி உண்டு. அரண்மனையிலும் வீட்டுக் கூடத்திலும் சில பேருக்கு மட்டும் வாசித்த வாத்தியம் அது. பெரிய சபா மேடைக்கு வந்ததும் திணற ஆரம்பித்தது. ஒரே சிக்கல், இரண்டு வாத்தியம், இரண்டு வழி. இந்தக் கதையை எழுத ரொம்ப நாளாக ஆசை. இதில் எனக்கு ஒரு சுயநலமும் இருக்கிறது, அது பின்னால்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். 24 மெட்டுகளும் அசையாமல் பதித்த இன்றைய தஞ்சாவூர் வீணை, ரகுநாத நாயக்கர் காலத்தில் (1600-1634) உருவானது என்று மரபாகச் சொல்வார்கள். அதற்கு முன் ராகத்துக்குத் தகுந்தபடி மெட்டுகளை நகர்த்தி வைக்க வேண்டிய வீணைகளும் இருந்தன. மரம் என்றால் பலாதான். பண்ருட்டிப் பக்கத்துப் பலாவுக்கு ஆசாரிமாரிடம் தனி மரியாதை. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே கட்டையில் குடைந்தெடுத்தால் அது ஏகாந்த வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. ஏகாந்தத்துக்கு மரமும் பெரிதாக வேண்டும், கூலியும் அதிகம், அதனால் விலையும் அதிகம். இணைப்பே இல்லாததால் நாதம் தடையில்லாமல் ஓடும் என்று அதை விரும்புகிறவர்கள் சொல்வார்கள். 2013-ல் தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இப்போது அமெரிக்கா போவோம். அங்கேயும் இதே ஏகாந்தம் - ஒட்டு சண்டைதான், பெயர்தான் வேறே. 1932-ல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர் எலெக்ட்ரிக் கிடார் முழுக்க அலுமினிய வார்ப்பு. மடியில் படுக்கவைத்து வாசிப்பது. பார்க்கக் கைப்பிடி வைத்த தோசைக்கல் மாதிரியே இருக்கும். அவர்களும் அதைச் செல்லமாக 'வறுவல் சட்டி' என்றுதான் கூப்பிட்டார்கள். லெஸ் பால் என்ற கிடார் கலைஞர் 1940 வாக்கில் ஒரு பைன் மரக்கட்டையில் கழுத்தையும் பிக்கப்பையும் பொருத்தி வாசித்துப் பார்த்தார். வெறும் கட்டையைப் பார்த்து ஜனங்கள் மிரளக்கூடாது என்று, இரண்டு பக்கமும் கிடார் உடம்பை வெட்டி ஒட்டிக்கொண்டார். 1950-ல் லியோ ஃபெண்டர் கழுத்தைத் தனியாகச் செய்து நாலு திருகாணியில் முடுக்கிவிட்டார். கழுத்து போனால் வேறு கழுத்து, சோலி முடிந்தது. 1952-ல் கிப்ஸன் நிறுவனம் லெஸ் பால் பெயரில் போட்ட கிடாரில் மஹோகனி உடம்பு, மேலே மேப்பிள் பலகை, கழுத்தைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். கழுத்து, உடம்பின் கடைசி வரை ஒரே கட்டையாக ஓடும் கிடார்களும் வந்தன. கிட்டத்தட்ட நம்ம ஏகாந்தம்தான்.

சரி, குடைந்த உடம்பு ஏன் திடக்கட்டையானது? பொந்து உள்ள உடம்புக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபையரை அலறவிட்டால், ஸ்பீக்கர் சத்தத்தில் உடம்பே அதிரும். அந்த அதிர்வு திரும்ப ஆம்ப்புக்குப் போகும். கல்யாண வீட்டு மைக் செட்டில் 'கூ...' என்று ஒரு ஊளை கேட்குமே, அதேதான். திடக்கட்டையில் இந்த ஊளை வெகுவாகக் குறையும். கம்பியின் சக்தியும் பலகையை அசைப்பதில் சீக்கிரம் தீர்ந்துபோகாமல் சுரம் நீண்டு நிற்கும்.

அடுத்தது பிக்கப். காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்று மெல்லிய செம்புக்கம்பி. மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் அசையும், சுருளில் மின்சாரம் பிறக்கும். இதன் காதில் மரம் நேரடியாக விழுவதே இல்லை, கம்பி மட்டும்தான். வீணையில் இதை வைத்தால் சாரணியும் பஞ்சமமும் எஃகு என்பதால் கணீரென்று பேசும். இரும்பே இல்லாத பித்தளைக் கம்பியில் மந்தரத்தை வாசித்தால் ஊமைதான். அதனால் வீணைக்காரர்கள் பெரும்பாலும் கான்டாக்ட் மைக் பக்கம் போனார்கள். அது மரத்தில் ஒட்டிக்கொண்டு அதன் நடுக்கத்தைக் கேட்கும். மெட்டில் விரல் உரசுவது, நகம் தட்டுவது எல்லாமும் கூடவே வந்துவிடும். "வீணையின் குரலே மாறிப்போச்சு" என்ற புகாரும் அப்படியே வந்து சேர்ந்தது.

ஆக, பிக்கப் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: நமக்குக் கேட்க வேண்டியது கம்பியா, மரமா? மரம் என்றால் குடம் வேண்டும், ஊளையையும் சமாளிக்க வேண்டும். கம்பி என்றால் திடக்கட்டை போதும். வாங்குகிறவர்கள் பலர் மரத்தையும் பிக்கப்பையும் தனித்தனிப் பட்டியலாகப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் இரண்டும் ஒரே முடிவு.

இந்த முடிவை நம்ம பக்கத்தில் துணிந்து எடுத்தவர் என்றால் எனக்கு மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ்தான் (1969-2014). பாலக்கொல்லுவில் பிறந்தவர். 1978-ல், ஒன்பது வயதில், குடிவாடா தியாகராஜ ஆராதனையில் அரங்கேறினார். மாண்டலினில் கம்பிகள் ஜோடி ஜோடியாக இருக்கும், ஒலி சட்டென்று செத்துவிடும். ஜோடிக் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பது விரலுக்குத் தண்டனை. அவர் ஜோடியைக் கழற்றி ஒற்றைக் கம்பியாக்கி, கீழ் ஸ்தாயிக்காக ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்து, திடக்கட்டை எலெக்ட்ரிக் மாண்டலினுக்கு மாறினார். மரத்தின் குரலை விட்டுக்கொடுத்து நீண்டு நிற்கும் சுரத்தை வாங்கிக்கொண்டார். மேல்நாட்டு வாத்தியமாச்சே என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். வயலினும் அப்படி வந்ததுதானே? தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு சுவாதித் திருநாள் 1834-ல் தந்த வயலின், தந்தத்தில் செய்தது!

எதிர்த்திசையில் போனவர் ஜான் மெக்லாஃப்ளின். எலெக்ட்ரிக் கிடாரில் பேர் வாங்கியவர். டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றுக்கொண்டார். 1970-களில் சக்தி குழுவுக்காக அவர் செய்யச் சொன்னது குடைந்த உடம்புள்ள கிடார். மெட்டுகளுக்கு இடையே பலகையைக் குழித்து, கம்பியை வீணை மாதிரி இழுக்க வழி செய்திருந்தார்கள். கூடவே குறுக்காக ஏழு அனுநாதக் கம்பிகள். பின்னாளில் 'ரிமெம்பர் சக்தி'யில் இவரும் ஸ்ரீநிவாஸும் ஒரே மேடையில் வாசித்தார்கள். எதிர் எதிர் திசையில் புறப்பட்ட இரண்டு பேரும் தேடியது ஒன்றைத்தான்: இழுத்தால் அறுபடாத சுரம்.

இப்போது என் சுயநலம். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் அடித்தபோது, பட்டுக்கோட்டை சுற்று வட்டாரத்தில் தென்னை அத்தனையும் படுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். எங்கள் கொல்லைப் பலாவும் போனது. தாத்தா வைத்த மரம். விறகுக்குக் கேட்டு வந்தவர்களிடம் எல்லாம் கொடுத்தோம், ஒரே ஒரு துண்டு தவிர. நிழலில் காய்ந்து, வெளிர் மஞ்சளாக இருந்தது இன்று தேன் நிறத்துக்கு வந்திருக்கிறது. ஒரு கிடார் உடம்புக்குத்தான் காணும். வெட்டிவிட்டால் வெட்டியதுதான், இன்னொரு துண்டு கிடையாது.

எனவே யோசித்துத்தான் முடிவு செய்திருக்கிறேன். உடம்பு திடக்கட்டை. கழுத்து, திருகாணி போட்ட ஒட்டு வகை. அதிராம்பட்டினத்து உப்புக்காற்று அடிக்கிற ஊரில் கழுத்து வளைந்தால் கழற்றிச் சரிசெய்ய வழி வேண்டும், ஏகாந்தத்துக்கு ஆசைப்பட முடியாது. கழுத்துப் பக்கம் ஹம்பக்கர். 1955-ல் கிப்ஸனின் சேத் லவர் வடிவமைத்தது. இரண்டு சுருள், ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்து கரண்டு இரைச்சலை அடித்துவிடும். எர்த் சரியில்லாத வீடுகளில் இந்த 'ம்ம்ம்' எவ்வளவு தொல்லை என்று வாசிக்கிறவர்களைக் கேளுங்கள். குதிரைப் பக்கம் ஒற்றைச் சுருள். அங்கே கம்பியின் ஆட்டம் சின்னது, மேல் அனுசுரங்கள் அதிகம், ஒலி கூர்மையாக வரும்.

அப்போ பலாவின் குரல்? காந்தத்துக்கு அது கேட்காது என்று நானே மேலே எழுதியிருக்கிறேன். அதனால் குதிரைக்கு அடியில் ஒரு பியஸோ பட்டை, வீணைக்காரர்களின் கான்டாக்ட் மைக்குக்குத் தம்பி. தனி வால்யூமோடு. மரத்தைக் கேட்கணும் என்று தோன்றும்போது அதைத் திருகிக்கொள்ளலாம். திடக்கட்டையில் குடம் போட்ட வீணை மாதிரி பேசாது, தெரியும். கொஞ்சமாவது முணுமுணுத்தால் போதும்.

வீணையில் கான்டாக்ட் மைக், காந்தப் பிக்கப் இரண்டையும் வைத்து வாசித்தவர்கள், பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் மக்களே. தை பிறந்ததும் ஆசாரி ரம்பத்தை எடுத்துவிடுவார், அதற்குள்ளே :-)