இலங்கையில் பதில் ஜனாதிபதி முறையும் மலையக வாக்கும்

இலங்கை ஜனாதிபதி கடமையாற்ற இயலாதபோதோ அப்பதவி வெற்றிடமாகும்போதோ அவருடைய அதிகாரங்களைத் தற்காலிகமாக ஏற்பவர் பதில் ஜனாதிபதி எனப்படுவார். மகாதேசாதிபதி காலத்தில் பிரதம நீதியரசரிடம் சென்ற இத்தகைய பொறுப்பை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பிரதமருக்கு உரியதாக்கியது. அதன் 37ஆம் உறுப்புரைப்படி நோய், வெளிநாட்டுப் பயணம் முதலிய காரணங்களால் ஜனாதிபதியே பிரதமரைப் பதில் கடமைக்கு நியமிக்கலாம்; நியமிக்கவும் இயலாத நிலையில் அவர் இருப்பின், சபாநாயகரைக் கலந்தாலோசித்துப் பிரதம நீதியரசர் எழுத்தில் தரும் கருத்தே போதுமானது. 40ஆம் உறுப்புரை நிரந்தர வெற்றிடத்துக்கு உரியது: ஒரு மாதத்துக்குள் பாராளுமன்றம் தன் உறுப்பினர் ஒருவரை இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்ய, அவர் எஞ்சிய பதவிக்காலத்துக்கு ஜனாதிபதியாவார், அதுவரை பிரதமர் பதில் கடமையாற்றுவார்.

இவ்வேற்பாடு மலையகத் தோட்டத் தொழிலாளருக்குத் தனிப்பொருள் உடையது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெருமளவில் பிரசாவுரிமை பெற்ற அம்மக்களுக்கு, நாடு முழுவதும் ஒரே தொகுதியாகும் ஜனாதிபதித் தேர்தலே சிதறிக்கிடந்த வாக்குகளை ஒன்றுசேர்க்கும் களமாயிற்று. வெற்றிடம் ஏற்படும்போதோ அவ்வாக்கு பிரதிநிதிகளின் கைக்கு மாறிவிடுகிறது. 1993 மே 1இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாச கொல்லப்பட்டதும் பதில் கடமையேற்ற பிரதமர் டி. பி. விஜேதுங்க, மே 7இல் பாராளுமன்றத்தில் போட்டியின்றித் தெரிவானார்.

2022இல் இரு உறுப்புரைகளும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்துச் செயற்பட்டன. ஜூலை 13இல் நாட்டைவிட்டு வெளியேறிய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ 37ஆம் உறுப்புரையின் வழியில் பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவை நியமித்தார். கோட்டாபயவின் பதவி விலகல் கடிதம் ஏற்கப்பட்ட ஜூலை 15இல் ரணிலே 40ஆம் உறுப்புரையின் வழியில் பதில் ஜனாதிபதியாகச் சத்தியப்பிரமாணம் செய்தார். ஜூலை 20 பாராளுமன்ற வாக்கெடுப்பில் அவர் 134 வாக்குகளும் டலஸ் அழகப்பெரும 82 வாக்குகளும் அனுர குமார திசாநாயக்க 3 வாக்குகளும் பெற்றனர். மலையகத்தின் நுவரெலியா மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் எண்மருள் அப்போது ஐவர் மலையகத் தமிழர். எனினும் அவர்கள் சார்ந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ரணிலையும் தமிழ் முற்போக்குக் கூட்டணி டலஸையும் ஆதரித்தமையால் அவ்வலிமை பிளவுண்டது. 2019 ஜனாதிபதித் தேர்தலில் அம்மாவட்டம் முன்னிறுத்திய சஜித் பிரேமதாசவோ வாக்கெடுப்புக்கு முதல்நாளே போட்டியிலிருந்து விலகியிருந்தார். மக்கள் நேரடியாக வாக்களித்த 2024 செப்டெம்பர் தேர்தலில் நாடு அனுரவைத் தெரிவுசெய்ய, நுவரெலியா மீண்டும் சஜித்தையே முதலிடத்தில் வைத்தது.