கார்டு போட்டாச்சா? ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கம் வேலை இல்லாதவர்களுக்கு அரசு என்ன கொடுத்தது

தமிழ்நாடு அரசின் வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகை விதிகளைப் படித்துக்கொண்டே வந்தால், கடைசிப் பக்கம் ஒரு வரி வரும். பொறியியல், மருத்துவம், விவசாயம், கால்நடை, சட்டம் மாதிரியான தொழிற்படிப்புப் பட்டதாரிகளுக்கு இந்தத் தொகை கிடையாது. நானும் பி.இ. தான், அதனால் அந்த வரி என் கண்ணில் கொஞ்சம் சீக்கிரமே பட்டது. இன்ஜினியர் என்றால் எப்படியும் பிழைத்துக்கொள்வான் என்று யாரோ ஒரு காலத்தில் நம்பியிருக்கிறார்கள். அம்பத்தூர் எஸ்டேட் வாசலில் பயோடேட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் மெக்கானிக்கல் பையன்களைப் பார்த்தால் அந்த நம்பிக்கை இன்று சிரிப்பை வரவழைக்கும்.

அந்த ஒரு வரியில் ஆரம்பித்துத்தான் பின்னோக்கிப் போனேன். வேலை இல்லாதவருக்கு அரசு எதாவது செய்யணும் என்ற எண்ணம் நம்ம ஊர்ப் பக்கம் எப்போது வந்தது, யாருக்காக வந்தது?

ரொம்பப் பின்னால் போனால் 1876–78 தாது வருஷப் பஞ்சம். அப்போது வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு 'வேலையில்லாதவர்' என்ற வகையே கிடையாது. பசித்தவர், அதிலும் உழைக்கக்கூடியவர், உழைக்க முடியாதவர், அவ்வளவுதான். முடியாதவருக்கு ராயபுரம் மணியக்காரர் சத்திரம் போன்ற இடங்களில் கஞ்சி. முடிந்தவருக்கு மண்வெட்டி. சென்னைக்குள் கூவத்தையும் அடையாறையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டப்பட்டதுதான்.

சர் ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் வந்து கூலியைக் குறைத்தார். ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியம், மேல்செலவுக்குக் கொஞ்சம் சில்லறை. இங்கே சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உழைப்பவன் உயிர் தரிக்கவே போதாது என்று எதிர்த்து எழுத, சில மாதங்களில் கூலியைக் கூட்ட வேண்டியதாயிற்று. அந்த நிவாரணத்தில் இன்னொரு சோதனையும் இருந்தது. வேலைத்தலம் வீட்டிலிருந்து தூரமாக இருக்க வேண்டும். நிஜமாகவே கதியற்றவன்தான் அவ்வளவு தூரம் வருவான் என்பது கணக்கு. இந்தத் 'தூரச் சோதனையை' ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சட்டப் புத்தகத்தில் அது இப்போது இல்லை, ஆனால் நடைமுறையில் ஒரு ரூபத்தில் இருந்துகொண்டேதான் இருந்தது.

அடுத்து ஒரு நீண்ட இடைவெளி. பிரிட்டனில் 1909இல் வேலைவாய்ப்பு அலுவலகச் சட்டம் வந்தது. வின்ஸ்டன் சர்ச்சில் வர்த்தக வாரியத் தலைவர், பின்னால் இருந்து திட்டம் போட்டவர் வில்லியம் பெவரிட்ஜ். (பெவரிட்ஜ் பிறந்தது நம்ம பக்கம்தான், வங்காளத்தில் ரங்பூர்.) இரண்டே வருஷத்தில், 1911இல், வேலையின்மைக் காப்பீடு வந்தது. வாரம் 7 ஷில்லிங், அதிகபட்சம் 15 வாரம். காப்பீட்டுப் பணம் கொடுக்க வேண்டுமென்றால் அந்த ஆளுக்கு நிஜமாகவே வேலை இல்லை என்று தெரியணும், இருந்தால் உடனே காட்டணும். அலுவலகம் அதற்கான இடம். இரண்டும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பற்சக்கரங்கள்.

இந்தியாவின் கதை வேறு. இலவச அரசு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் வேண்டும் என்று சொன்ன 1919ஆம் வருஷத்து சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் ஒப்பந்தத்தை இந்தியா 1921இல் ஏற்றுக்கொண்டது, 1938இல் அதிலிருந்து விலகிவிட்டது! நடுவில், 1931இல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன், வேலையின்மைக் காப்பீடு இந்தியாவுக்கு இப்போதைக்குச் சரிப்படாது என்று சொல்லிவிட்டது.

அப்புறம் எதற்கு 1945இல் திடீரென்று அலுவலகம் திறந்தார்கள்? சிப்பாய்களுக்காக. இரண்டாம் உலகப் போர் முடியும் நேரம், லட்சக்கணக்கான பேரைப் படையிலிருந்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும். துப்பாக்கி பிடிக்கத் தெரிந்த அத்தனை பேர் வேலையில்லாமல் ஊருக்குத் திரும்பினால் என்ன ஆகும் என்ற பயம் டெல்லிக்கு இருந்தது. 1945 ஜூலையில் 'மறுகுடியமர்வு மற்றும் வேலைவாய்ப்பு' இயக்குநரகம் பிறந்தது. மறுகுடியமர்வுதான் முதல் வார்த்தை, வேலைவாய்ப்பு இரண்டாவது. அதே போரின்போதுதான் ஆவடி ராணுவக் கிடங்குகளும் முகாம்களுமாக மாறியிருந்தது. ஆவடிக்காரர்களுக்கு அரசு வேலை என்றதும் பட்டாளமும் ஃபேக்டரியும் ஒன்றாக ஞாபகம் வருவதற்கு வேர் அங்கே இருக்கிறது.

1948இல் அலுவலகம் எல்லோருக்கும் திறக்கப்பட்டது. சிவராவ் கமிட்டி சொன்னபடி 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. மொழிவழி மாநிலங்கள் பிறந்த அதே நாள். 1959இல் ஒரு சட்டம், 1960 மே 1 முதல் அமல். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை அலுவலகத்துக்குக் கட்டாயம் அறிவிக்கணும் என்றது. கட்டாயம் என்றால் அறிவிப்பது மட்டும்தான் கட்டாயம். அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்கணும் என்று எந்தக் கடமையும் இல்லை என்றும் சொன்னது. மென்பொருள்காரன் பாஷையில் சொன்னால், செய்தி வந்து சேரும், ஆனால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை.

ஆவடிக்கு இதில் ஒரு தனி இடம் உண்டு. 1955 ஜனவரியில் காங்கிரஸ் மாநாடு இங்கேதான் நடந்தது. யு.என். தேபர் தலைவர், காமராஜர் முதலமைச்சர், பந்தலுக்கு சத்தியமூர்த்தி நகர் என்று பேர். 'சோஷலிச பாணி சமுதாயம்' தீர்மானம் இங்கேதான் நிறைவேறியது. அதன் பலனாக இந்தப் பக்கத்துக்கு வந்தது உதவித்தொகை இல்லை, தொழிற்சாலை. அதே வருஷம் பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை. அடுத்த பத்து வருஷத்துக்குள் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை. அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி 1965இல் வெளிவந்தது. 1949இலேயே வந்துவிட்ட டி.ஐ. சைக்கிளோடு பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள், டன்லப், அப்புறம் அம்பத்தூர் எஸ்டேட். வேலை இல்லாதவனுக்குக் காசு கொடுப்பானேன், வேலையையே கொடுத்துவிடலாமே என்பதுதான் அந்தத் தலைமுறையின் பதில். அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருபது முப்பது வருஷம் அது உண்மையாகவே வேலை செய்தது. ஆனால் அரசியல் சாசனத்தின் 41ஆம் பிரிவு வேலைக்கான உரிமையோடு, வேலையின்மைக் காலத்தில் அரசு உதவி பெறும் உரிமையையும் பேசுகிறது, 'பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்ற வாலோடு. அந்த இரண்டாவது பாதி அப்படியே ஓரமாகக் கிடந்தது.

அந்தக் காலத்தில்தான் 'கார்டு போடுவது' இந்தப் பக்கம் ஒரு சடங்காகவே ஆனது. பத்தாவது ரிசல்ட் வந்ததும் பக்கத்து வீட்டு மாமா கேட்கும் முதல் கேள்வி, "கார்டு போட்டாச்சாப்பா?" போட்ட தேதிதான் சொத்து. அதற்குப் பேர் பதிவு மூப்பு. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கணும், மறந்தால் மூப்பு போச்சு. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி எல்லாம் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். மாவட்டத்துக்குப் பேர் செங்கல்பட்டு, கலெக்டர் ஆபீஸ் காஞ்சிபுரத்தில். சென்னை கண்ணுக்கெதிரே இருக்கும், காரியத்துக்குக் காஞ்சிபுரம் பஸ் ஏறணும். 1997இல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் போனது, 2018இல் அம்பத்தூர் தாலுகாவே சென்னை மாவட்டத்துக்குள் வந்தது. 2019இல் ஆவடி தனி மாநகராட்சி, ஆனால் மாவட்டம் திருவள்ளூரேதான். பூந்தமல்லியும் அப்படியே. பட்டதாரிகளுக்கு மேல் படித்தவர்களின் பதிவு இதெல்லாம் சாராமல் சாந்தோம் அலுவலகத்தில், பிற்பாடு கிண்டியில். டெம்பிள் துரையின் தூரச் சோதனை என்று நான் முன்னால் சொன்னது இதைத்தான். யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை, ஆனால் ஒரு கையெழுத்துக்கு அரை நாள் கூலியை விட முடிந்தவன் மட்டும்தான் மூப்பைக் காப்பாற்ற முடிந்தது.

மூப்புக்கு மரியாதை ஏன் இருந்தது என்றால், அரசு வேலை அந்த வரிசை வழியாகத்தான் வந்தது. 1987இல் ஹர்கோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம், 1959 சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தாது, ஆனால் அரசுத் துறைகள் அலுவலகம் வழியாக மட்டும் ஆள் எடுக்கலாம் என்று அரசு உத்தரவு போட்டால் அது தப்பில்லை என்றது. 1996இல் விஸ்வேஸ்வர ராவ் வழக்கில் அதே நீதிமன்றம், அலுவலகப் பட்டியலோடு பத்திரிகையிலும் விளம்பரம் கொடுத்து வருகிறவர்களையும் பரிசீலிக்கணும் என்று சொல்லிவிட்டது. அன்றிலிருந்து வரிசையில் நிற்பதற்கான காரணம் தேய ஆரம்பித்தது. வரிசை மட்டும் தேயவில்லை. 2016 வாக்கில் தமிழ்நாட்டில் பதிவு செய்தவர்கள் 80 லட்சத்தைத் தாண்டிவிட்டார்கள். பின்னால் சேர்கிறார்கள், முன்னால் எடுப்பதே இல்லை!

இந்த இடத்தில்தான் உதவித்தொகை வருகிறது. பதிவு செய்து ஐந்து வருஷம் காத்திருக்கணும். வயது 40க்குள், பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் என்றால் 45. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்கு மேல் போகக் கூடாது. பத்தாவது தவறியவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300, பன்னிரண்டாவது 400, பட்டதாரிக்கு 600. மூன்று வருஷம்தான், அப்புறம் கிடையாது. மாற்றுத்திறனாளிகளுக்கு 600, 750, 1000 என்று, பத்து வருஷம் வரை. காலாண்டுக்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் வரும். கணக்குப் போட்டால் பட்டதாரிக்கு மொத்தம் 21,600, பத்தாவது தவறியவருக்கு 7,200. நாளுக்கு ஏழு ரூபாய்கூட இல்லை. அதிகம் படித்தவருக்கு அதிகம், கம்மியாகப் படித்தவருக்குக் கம்மி என்ற இந்த ஏணி எனக்கு விளங்கவே இல்லை. பசி சான்றிதழ் பார்த்தா வரும்? இது பட்டினிக்கான பணம் இல்லை, காத்திருந்ததற்கான மரியாதைத் தொகை என்று எடுத்துக்கொண்டால் மட்டும் அந்த ஏணிக்கு ஒரு அர்த்தம் வருகிறது.

இதைவிட முக்கியமான ஓட்டை வேறு இடத்தில். இந்தத் தொகை இன்னும் வேலைக்கே போகாதவருக்கானது. வேலையில் இருந்து, அதை இழந்த 43 வயசுக்காரருக்கு?

அவருக்கு மூன்று வழி. 1953இல் தொழில் தகராறு சட்டத்தில் சேர்த்த லே-ஆஃப் இழப்பீடு: சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி. ஆனால் 50 பேருக்குக் குறைவாக உள்ள இடத்துக்குப் பொருந்தாது. இரண்டாவது, ஆட்குறைப்பு இழப்பீடு. வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம், ஒரே தடவை. மூன்றாவது, இ.எஸ்.ஐ. அதில் 2005 ஏப்ரல் 1இல் ராஜீவ் காந்தி பேரில் ஒரு வேலையின்மைப் படி வந்தது. ஆலை மூடல், ஆட்குறைப்பு என்றால் பாதிச் சம்பளம், முதலில் ஆறு மாசம், பிறகு கூட்டிக் கூட்டி இரண்டு வருஷம் வரை. 2018 ஜூலையில் அடல் பேரில் இன்னொன்று: 90 நாள், கால் பங்கு சம்பளம். 2020இல் கொரோனா வந்ததும் அதைப் பாதியாக உயர்த்தினார்கள். வாழ்நாளில் ஒரே முறைதான்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு அம்பத்தூர் எஸ்டேட்டுக்குள் ஒரு நடை போய்ப் பாருங்கள். பெரிய கம்பெனிக்கு ஜாப் ஒர்க் செய்யும் லேத் பட்டறை, பிளேட்டிங் கடை. ஏழு எட்டுப் பேர். பத்துப் பேருக்குக் கீழே என்றால் இ.எஸ்.ஐ. கட்டாயம் இல்லை. ஐம்பதுக்குக் கீழே என்றால் லே-ஆஃப் பணம் இல்லை. ஆட்குறைப்புப் பணத்துக்கு 240 நாள் வேலை செய்ததை நிரூபிக்கணும், அவரிடம் சம்பளச் சீட்டே இருக்காது. நாற்பதைத் தாண்டியதால் உதவித்தொகை இல்லை. எஸ்டேட்டில் வேலை குறையும்போது முதலில் வெளியே வருகிற ஆள் இவர்தான், நான்கு ஓட்டையிலும் ஒழுங்காக விழுகிறவரும் இவர்தான்.

பெரிய ஆலையில் இருந்தால் மட்டும் தப்பிக்கலாமா? பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கிய நோக்கியா, 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்தியது. பூந்தமல்லி வழியாக கம்பெனி பஸ்ஸில் போய்வந்த பெண்கள் பலருக்கு வயசு இருபதுகளில். அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் 'விருப்ப ஓய்வு' வாங்கியிருந்தார்கள். இருபத்தைந்து வயசில் ஓய்வு! இந்த வார்த்தைக்கு ஒரு விலை உண்டு. தானாக விலகியவருக்கும் விருப்ப ஓய்வு பெற்றவருக்கும் இ.எஸ்.ஐ.யின் வேலையின்மைப் படி கிடையாது. மொத்தமாக ஒரு தொகை கைக்கு வந்தது நிஜம், ஆனால் மாசாமாசம் வருகிற வழி அந்தக் கையெழுத்தோடு மூடிவிட்டது.

கடைசியாக, நூறு நாள் வேலை. 2005 சட்டம், வேலை கேட்டு 15 நாளுக்குள் கொடுக்காவிட்டால் வேலையின்மைப் படி தரணும் என்றது. முதல் 30 நாளுக்குக் கூலியில் கால் பங்காவது, அதற்குப் பிறகு பாதியாவது. 41ஆம் பிரிவுக்கு மிக அருகில் வந்த சட்டம் இதுதான் என்பேன். திருவள்ளூர் மாவட்டத்துக்கு 2008 ஏப்ரலில் வந்தது. ஆனால் கிராம ஊராட்சிக்கு மட்டும். பூந்தமல்லி நகராட்சி எல்லைக்கு இந்தப் பக்கம் கிடையாது, நாலு தெரு தள்ளி ஊராட்சியில் உண்டு. அதனால்தான் நகரத்தோடு இணைக்கப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தால் வீட்டுமனைக்காரர்கள் சந்தோஷப்பட, அதே ஊராட்சியின் பெண்கள் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க 2025 ஜனவரியில் இப்படிப் போராட்டங்கள் நடந்தன. மனுக்களில் முக்கியமான வரி பெரும்பாலும் ஒன்றேதான்: எங்களை ஊராட்சியாகவே விடுங்கள்.