ஞாயிறு பள்ளியும் எழுதுகோலும்

ஞாயிறுதோறும் நம் சிறார் ஆலயத் தாழ்வாரத்தில் கூடிப் பாட்டுப் பாடி, மனப்பாட வசனம் ஒப்புவித்து, மணியடித்தவுடன் கலைகின்றனர். இவ்வகுப்பை நடத்தும் வாலிபரும், பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெற்றோரும் இதனை வழிபாட்டின் சிறு கிளையாகவே கருதி வருகின்றனர். ஆயின் இவ்வமைப்புத் தோன்றிய வரலாற்றை நோக்குங்கால், வசனம் ஒப்புவிப்பது மட்டுமே அதன் முதல் வேலையாக இருந்ததில்லை என்பது புலனாகும். எழுத்தறியாத ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க எழுந்த பள்ளி அது. வாரத்தின் ஆறு நாளும் உழைத்த பிள்ளைக்கு எஞ்சியிருந்த ஒரே நாள் ஞாயிறு. ஆகவே அது ஞாயிறு பள்ளி ஆயிற்று. கல்விச் சங்கமொன்றின் வெள்ளிவிழா மலரில் இவ்வரலாற்றை நாம் எழுதப் புகுந்ததற்கு இதுவே காரணம்.

1780ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் குளாஸ்டர் நகரில் இராபர்ட் ரெய்க்ஸ் என்பவர், தாமஸ் ஸ்டாக் என்னும் குருவானவரின் துணையோடு இத்தகைய பள்ளியைத் தொடங்கினார். அந்நகரம் குண்டூசித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. அத்தொழிலில் உழைத்த சிறார் ஞாயிறன்று அழுக்குடையோடு தெருவில் திரிந்தனர். அவர்களைக் கூட்டிவைத்து வாசிக்கக் கற்பிக்க, நாளொன்றுக்கு ஒரு ஷில்லிங் கூலிக்குப் பெண்களை அமர்த்தினார் ரெய்க்ஸ். அவருக்கு முன்னரும் இம்முயற்சியில் சிலர் ஈடுபட்டதுண்டு. எனினும் ரெய்க்ஸ் செய்தித்தாள் நடத்தியவராதலின் அவர் செய்தது நாடெங்கும் பரவியது. அவருக்கு முன் செய்தவர்களைப் பலரும் அறியார். 1831க்குள் பிரிட்டனில் ஏறத்தாழ 12,50,000 பிள்ளைகள் இப்பள்ளிகளில் பயின்றனர். கூலி ஆசிரியர் மறைந்து, அப்பள்ளிகளிலேயே படித்து வளர்ந்த ஆலைத் தொழிலாளர் பலர் கூலியின்றிக் கற்பிக்கலாயினர். ஏழைக்கு ஏழையே ஆசிரியனானது சிறிய செய்தியன்று.

இப்பள்ளிகளை எல்லாரும் வாழ்த்தி வரவேற்றனர் என எண்ணிவிடலாகாது. ஹன்னா மோர் என்னும் அம்மையாரும் அவர்தம் சகோதரியும் 1789இல் மெண்டிப் மலைப்பகுதியிலுள்ள செடார் என்னும் ஊரில் பள்ளி தொடங்கியபோது, அங்கிருந்த பெருநிலக்காரர் எதிர்த்தனர். கூலியாட்களின் பிள்ளைகள் படித்தால் வேளாண்மை கெடும் என்பது அவர்தம் வாதம். இவ்வாதத்தை நம் பாட்டன்மார் தமிழிலேயே கேட்டிருக்கின்றனர். அம்மையார் அஞ்சவில்லை, பள்ளியை நடத்தினார். ஆயினும் ஓர் எல்லையை அவரே வகுத்துக் கொண்டார். ஏழைப் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிக்கலாம், எழுதக் கற்பிக்கலாகாது என்பதே அவ்வெல்லை.

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வாசிப்புக்கு இசைந்தவர் எழுத்துக்கு ஏன் இசையவில்லை? வாசிக்க மட்டும் அறிந்தவன் பிறர் எழுதியதைப் பெற்றுக்கொள்வான். எழுத அறிந்தவனோ தன் குறையைத் தானே தாளில் வடித்து அதிகாரியின் மேசைக்கு அனுப்புவான். பின்னாளில் மெதடிஸ்துத் தலைவர் பலர் இத்தடைக்கு வேறொரு காரணம் கண்டனர்: ஞாயிறன்று எழுதக் கற்பித்தல் ஓய்வுநாளை மீறுவதாம். ஒரே நாளில் வாசிப்பது பக்தி, எழுதுவது பாவம் என்னும் இவ்விந்தை நியாயத்தைத் தொழிலாளர் பலர் ஏற்கவில்லை. அவர்களுக்கோ ஞாயிறன்றி வேறு நாளில்லை.

அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இவ்வச்சம் இன்னும் வெளிப்படையாக இருந்தது. அமெரிக்கத் தென்மாநிலங்கள் சில, கறுப்பின மக்களுக்கு எழுத்தறிவிப்பதைச் சட்டத்தாலேயே தடுத்தன. 1831இல் வர்ஜீனியாவும் 1834இல் தென் கரோலினாவும் அத்தகைய சட்டங்களை இயற்றின. மேரிலாந்தில் அப்படியொரு சட்டம் இல்லை. ஆயினும் பிரெடரிக் டக்ளஸ் என்னும் அடிமை இளைஞர் அங்குத் தம் இனத்தாருக்கு ஓய்வுநாள் பள்ளியில் கற்பிக்க முற்பட்டபோது, சட்டத்தின் இடத்தைத் தடி பிடித்துக்கொண்டது. சபையில் வேத வகுப்பு நடத்திவந்த வெள்ளையரே தடியோடு வந்து அக்கூட்டத்தைக் கலைத்தனர். அடிமைகள் ஞாயிறன்று குடித்துக் கிடந்தாலும் மற்போர் புரிந்தாலும் அவ்வெசமானர்கள் வருந்தியதில்லை. புதிய ஏற்பாட்டை எழுத்துக்கூட்டிப் படித்ததுதான் அவர்களைத் துணுக்குறச் செய்தது.

டக்ளஸ் விடவில்லை. 1835இல் வேறொரு பண்ணைக்கு வாடகைக்கு விடப்பட்டபோது, விடுதலை பெற்ற கறுப்பினத்தார் ஒருவரின் வீட்டில் மறைவாக மீண்டும் பள்ளி தொடங்கினார். நாற்பதுக்கு மேற்பட்டோர் சேர்ந்தனர். கற்பித்தவருக்கு அப்போது வயது ஏறத்தாழ 17 என்பதை நம் வாலிபர் மனத்தில் கொள்வாராக. மறு ஆண்டில் அவரும் தோழர் சிலரும் தப்பியோடத் திட்டமிட்டனர். அதற்கு வேண்டிய அனுமதிச் சீட்டுகளை எசமானரின் பெயரால் எழுதியது டக்ளஸின் கையே. திட்டம் வெளிப்பட்டு அனைவரும் பிடிபட்டனர். எனினும் 1838இல் அவர் தப்பி, பின்னர்த் தம் வரலாற்றைத் தாமே எழுதி உலகறியச் செய்தார். மெண்டிப் நிலக்காரர் எழுத்தைக் கண்டு அஞ்சியது வீண் அச்சமன்று.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு காலந்தொட்டே, வேதத்தை அச்சிட்டவர்கள் அதனை வாசிக்கப் பள்ளியும் வைத்தனர். ஆயின் பிறர் கொண்டுவந்த வரலாறாகவே இதனைக் கூறிவருவது முறையன்று. குமரி மாவட்டத்து மயிலாடியில் ஒடுக்கப்பட்ட குலத்தில் பிறந்த மகாராசன் தஞ்சைக்குச் சென்று ஞானஸ்நானம் பெற்று, வேதமாணிக்கம் என்னும் பெயரோடு ஊர் திரும்பித் தம் உறவினருக்குப் போதித்தார். மிஷனெரி ரிங்கல்தௌபே 1806இல் அவ்வூருக்கு வருமுன்னரே அங்குக் கேட்போர் கூட்டம் உருவாகியிருந்தது. 1816இல் ரிங்கல்தௌபே விலகிச் சென்றபோது, அடுத்தவர் வரும்வரை சபைப் பொறுப்பைத் தாங்கியவரும் வேதமாணிக்கமே. நம் ஞாயிறு வகுப்புகளில் ரெய்க்ஸின் பெயரைச் சொல்வோர் இவர் பெயரையும் சொல்லலாம்.

இவ்வரலாற்றுக்கு இருண்ட பக்கமும் உண்டு. திருச்சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டுமெனக் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் 1833இல் கட்டளையிட்டார். வேப்பேரியிலும் தஞ்சையிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர் பலர், நம்மவரோடு கலந்து அமர்வதைவிடச் சபையை விட்டு விலகுவதே மேல் எனத் துணிந்தனர். பெரியோர் ஒருபுறமும் நம்மவர் மறுபுறமும் அமர்ந்த ஆலயத்தில், பிறனை நேசி என்னும் பாடத்தைப் பிள்ளைகள் எவ்வாறு பொருள் கொண்டிருப்பர்? கல்லறைத் தோட்டத்திலும் பிரிவினை நிற்கும் ஊர்கள் இன்றும் உள. அவ்வூர்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்வியை வகுப்பாசிரியர் மழுப்பலாகாது.

நம் சேரிகளில் பகலெல்லாம் மாடு மேய்த்த பிள்ளைகளுக்கு, இரவில் விளக்கொளியில் அரிச்சுவடி சொல்லித்தந்த உபதேசியார்கள் பலர். ஊராருக்கு மனு எழுதித் தந்தவரும் பல இடங்களில் அவரே. அவர் கற்பித்தது மதக்கல்வியா பொதுக்கல்வியா என எவரும் வேறுபடுத்திக் கேட்டதில்லை.

அப்படியாயின் ஞாயிறு பள்ளி எழுத்தை எப்போது கைவிட்டது? இங்கிலாந்தில் 1870ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்பின் அரசின் ஆதரவில் பள்ளிகள் பெருகின. எழுத்தறிவிக்கும் வேலை அங்குப் போய்ச் சேர, ஞாயிறு பள்ளியிடம் சமயபாடம் மட்டும் எஞ்சிற்று. இந்திய ஞாயிறு பள்ளிச் சங்கம் 1876இல் அமைந்தது. பாடத்திட்டத்தோடும் பரிசுகளோடும் நமக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் இவ்விரண்டாம் உருவமே. அங்கு எழுத்தறிவிக்கும் தேவை குறைந்திருந்தது. இங்கு அது தொடங்கவேயில்லை.

இன்று நம் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர். இது போராடிப் பெற்ற பேறு. எனினும் ஐந்தாம் வகுப்பு முடித்தும் ஒரு பக்கத்தைத் தடையின்றி வாசிக்க இயலாத பிள்ளைகள் நம்மிடையே இருப்பதை வகுப்பு நடத்துவோர் அறிவர். வசனத்தைக் கிளிப்பிள்ளைபோல் ஒப்புவிக்கும் பிள்ளையிடம் புத்தகத்தைத் திறந்து அதே வசனத்தைச் சுட்டிக்காட்டச் சொல்லிப் பாருங்கள், உண்மை விளங்கும். அப்பிள்ளையைப் பிறர்முன் நாணச் செய்யாது, வகுப்பு முடிந்தபின் அரைமணி நேரம் உடனிருந்து வாசிக்கச் செய்ய வல்ல வாலிபர் ஒருவரேனும் ஒவ்வொரு சபையிலும் இருப்பர்.

அன்றைய கதையைப் பிள்ளை தன் சொற்களில் நாலு வரி எழுதட்டும். பிழைகளைச் சிவப்பு மையால் நிரப்பிவிட வேண்டாம். மற்றொரு வாரம், தன் பாட்டி எந்த வயதில் வேலைக்குப் போனார், எவருக்காக உழைத்தார் எனக் கேட்டறிந்து எழுதட்டும். நம் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் எழுதப்படாதது. அதனை எழுதத் தொடங்கும் கை அப்பிள்ளையின் கையாகவே இருக்கட்டும். எழுத்தறியாத தாய்மார், எமக்கு என்ன தெரியும் என்று ஒதுங்க வேண்டா. மாலையில் பிள்ளையை அருகமர்த்தி உரக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டாலே போதும். பெண்பிள்ளையை அந்நேரத்தில் பாத்திரம் கழுவ அனுப்பாதிருத்தலும் வேண்டும். குறிப்பேடும் பேனாவும் வாங்கப் பணம் ஏது என்பர் சிலர். ஆண்டுவிழாவில் வழங்கும் பரிசுக் கோப்பைகளில் பாதியைக் குறைத்தால் ஒரு வகுப்புக்குப் போதுமானது கிடைக்கும்.