மாற்றுத்திறனாளியர் ஆய்வியல்: பணியில் இருப்போருக்கான உயர்கல்வி

உடல், மனக் குறைபாட்டை மருத்துவச் சிக்கலாக மட்டும் பார்க்காமல், சட்டமும் பள்ளியும் கட்டடமும் வேலையிடமும் ஒருவருக்குப் போடும் தடைகளையும் ஆராயும் துறை மாற்றுத்திறனாளியர் ஆய்வியல். ஆசிரியர், மருத்துவர், பொறியாளர், வழக்கறிஞர், அரசு அலுவலர் எனப் பணியில் இருப்பவர்களுக்கே இந்தக் கல்வி அதிகம் தேவை. தடையை உண்டாக்குவதும் நீக்குவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

சட்டப் பின்னணி

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளியர் உரிமை உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றது. அதையொட்டி வந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளியர் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரித்து, அரசு, அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடும், அரசுப் பணியில் குறைந்தது 4 விழுக்காடும் இட ஒதுக்கீடு தந்தது. நீதிபதி, காவல் அலுவலர், ஊராட்சி உறுப்பினர் ஆகியோருக்கான பயிற்சியில் இந்த உரிமைகள் இடம்பெற வேண்டும் என்றும், ஆசிரியர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், பொறியாளர் ஆகியோரின் படிப்பில் மாற்றுத்திறன் ஒரு பாடமாக வேண்டும் என்றும் அதன் 47ஆம் பிரிவு கூறுகிறது.

இத்தகைய பயிற்சியின் பயன் சிறு வேலையிலும் தெரியும். ஓர் அடி உயர வாசற்படிக்குச் சாய்தளம் 12 அடி நீளமாவது இருக்க வேண்டும். இடமில்லை என்று நான்கு அடியில் முடித்தால், சக்கர நாற்காலியில் வருபவர் பிறர் தள்ளாமல் ஏற முடியாது.

கல்வி வாய்ப்புகள்

மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் சமூகப்பணி முதுகலையில் இத்துறையைத் தனிப்பிரிவாகக் கற்பித்து வந்துள்ளது. கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் விவேகானந்தர் கல்வி, ஆய்வு நிறுவனத்துக்கு மாற்றுத்திறன் மேலாண்மை, சிறப்புக் கல்விப் புலம் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. பட்டதாரிகளுக்கான சிறப்புக் கல்வி பி.எட். படிப்பைத் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தொலைநிலையில் நடத்தியுள்ளது. சிறப்புக் கல்வி, மறுவாழ்வுத் தொழிற்படிப்புகளுக்கு இந்திய மறுவாழ்வுக் குழுமத்தின் ஒப்புதல் வேண்டும்.

தேவதானம் வட்டாரம்

ராஜபாளையத்துக்கும் சிவகிரிக்கும் இடைப்பட்ட தேவதானத்திலிருந்து தென்காசிப் பக்கம் போனால், மாற்றுத்திறனாளியருக்காக இயங்கும் ஆய்க்குடி அமர் சேவா சங்கத்தை அடையலாம். கடற்படை அதிகாரி தேர்வின்போது 1975இல் அடிபட்டுக் கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் இதைத் தொடங்கினார். அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. சங்கத்தின் களப்பணியாளர்கள் கிராமத்து வீடுகளுக்கே போய்க் குறைபாடுள்ள குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறார்கள். பெற்றோருக்கும் அதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வேலையையும் குடும்பத்தையும் விட்டுக் கோவைக்கோ சென்னைக்கோ போய்ப் படிப்பது தேவதானத்து ஆசிரியருக்கோ செவிலியருக்கோ எளிதல்ல. ஆய்க்குடி போன்ற இடங்களைக் களமாகக் கொண்டு, விடுமுறை நாள்களில் தமிழில் நடக்கும் பட்டமேற்படிப்புகளைப் பல்கலைக்கழகங்கள் தொடங்க வேண்டும்.