கவரோடு வைத்திருங்கள்

பதிவு கொஞ்சம் நீளம். சாவகாசமாகப் படியுங்கள்.

பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து தபால்தலை ஒட்டிய நோட்டோ, கட்டுக் கடிதமோ கிடைக்கிறது. உடனே எனக்குப் படம் எடுத்து அனுப்பி, "சார், இது எவ்வளவுக்குப் போகும்?" என்று கேட்கிறீர்கள். பெரும்பாலும் பெரிய விலைக்குப் போகாது. ஏராளமாக அச்சடித்த சாதாரணத் தபால்தலைகள் அவை. ஆனாலும் பழைய பேப்பர்காரரிடம் போடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். தபால்தலை சேர்ப்பதில் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றும் வரலாற்றின் ஒரு பக்கத்தைத் திறந்து காட்டும்.

முதலில் சின்னப் பாடம். முன்பெல்லாம் இங்கிலாந்தில் கடிதத்துக்குப் பெரும்பாலும் பெறுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும். தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்துக் கட்டணம் ஏறும். அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டட்டும், நாடு முழுக்க ஒரே கட்டணம் இருக்கட்டும் என்றார் ரோலண்ட் ஹில். அதன்படி 1840 மே மாதம் விக்டோரியா ராணியின் முகத்தோடு உலகின் முதல் தபால்தலை வந்தது. விலை ஒரு பென்னி, நிறம் கறுப்பு. 1852ல் சிந்து மாகாணத்தில் பார்ட்டில் ஃபிரேர் அரையணாத் தபால்தலை வெளியிட்டார். 1854ல் இந்தியா முழுவதற்கும் தபால்தலை வந்துவிட்டது.

இனி சேர்க்கும் வழிகள்.

முதல் வழி, காலவரிசை. என் வகுப்பில் படித்தவர்களுக்கு, இந்தியா மேப்புக்குப் பக்கத்தில் தொங்கிய தபால்தலை சார்ட் நினைவிருக்கும். அதில் முதலில் இருந்தது தேசியக் கொடி போட்ட மூன்றரை அணாத் தபால்தலை. 1947 நவம்பர் 21ல் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் தபால்தலை அதுதான். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15ல் காந்தியடிகள் தபால்தலைகள். காலம் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி சொல்கிறேன். இந்தியத் தபால்தலையில் அணா என்று இருந்தால் 1957க்கு முன் வந்தது. நயா பைசா என்றால் 1957க்கும் 1964க்கும் இடைப்பட்டது. வெறும் பைசா என்றால் அதற்குப் பிறகு.

1971ல் வந்த ஒரு 5 பைசாத் தபால்தலையைத் தேடிப் பாருங்கள். குடும்பக் கட்டுப்பாட்டுக்காக வெளியான தபால்தலையின் மேலேயே 'அகதிகள் நிவாரணம்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருப்பார்கள். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்த நேரம். கடிதம் போடுகிறவர் கூடுதலாக அந்த 5 பைசாவையும் ஒட்ட வேண்டும். வங்கதேசப் போர் நம் ஊர்த் தபால்பெட்டி வரைக்கும் வந்துவிட்டது!

இரண்டாவது, பொருள் வாரியாகச் சேர்ப்பது. பறவை, ரயில், விளையாட்டு என்று பிள்ளைகளுக்குப் பிடித்ததைச் சேர்க்கலாம். தமிழ்நாட்டுப் பெரியவர்கள் என்று எடுத்தால் திருவள்ளுவரும் பாரதியாரும் 1960, கணிதமேதை ராமானுஜன் 1962, வ.உ.சி. 1972. 2006ல் சந்தன வாசனையோடுகூட ஒரு தபால்தலை வந்தது.

மூன்றாவது, இன்று இல்லாத அரசுகளின் தபால்தலைகள். நாகர்கோவில் பக்கத்து உறவுகள் கவனிக்கவும். உங்கள் ஊர் 1956 வரை தமிழகத்தோடு சேரவில்லை. திருவிதாங்கூருக்குத் தனித் தபால் இருந்தது. அதன் பெயரே 'அஞ்சல்'. 1888 முதல் சங்கு முத்திரையோடு, சக்கரம் என்ற நாணயக் கணக்கில் தபால்தலை வெளியிட்டார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா பெட்டியில் சங்கு போட்ட தபால்தலை இருந்தால் அதுதான் இது.

நான்காவது வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. தபால்தலையைப் பிரிக்காமல், முத்திரை விழுந்த கவரோடு அப்படியே வைப்பது. காரணம் சொல்கிறேன்.

பர்மா 1937 ஏப்ரல் 1ல்தான் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதுவரை ரங்கூனிலிருந்து வந்த கடிதத்திலும் ஒட்டியிருந்தது இந்தியத் தபால்தலைதான். பிரித்து எடுத்துவிட்டால் அது ஆயிரத்தில் ஒன்று. ரங்கூன் என்று சொல்வது முத்திரை மட்டுமே. பிரிந்த பிறகு அதே ராஜா தலையின் மேல் 'பர்மா' என்று ஆங்கிலத்தில் அச்சடித்தார்கள்.

எங்கள் பெரிய தாத்தா ரங்கூனில் கணக்கு எழுதப் போனவர். 1942ல் ஜப்பான்காரன் வந்தபோது காடு மலை தாண்டி நடந்து ஊர் திரும்பியவர்களில் அவர் இல்லை. போட்டோவும் கிடையாது. அவர் அனுப்பிய ஒரே ஒரு கவர் இருக்கிறது. உள்ளே இருந்த கடிதம்கூடச் செல்லரித்துப் போயிற்று. முத்திரையில் ஊரும் தேதியும் தெளிவாக இருப்பதால், 1934ல் அவர் அங்கே உயிரோடு இருந்தார் என்று நாங்கள் உறுதியாகச் சொல்ல முடிகிறது. யாராவது ஆசைப்பட்டு அந்தத் தபால்தலையை வெட்டியிருந்தால் அதுவும் போயிருக்கும்.

மலாயாத் தபால்தலைகளில் சிலவற்றில் 2602 என்று இருக்கும். ஆங்கில ஆண்டு அல்ல. ஜப்பான் பிடித்த பிறகு, தங்கள் முதல் பேரரசர் காலத்திலிருந்து எண்ணும் ஜப்பானியக் கணக்கில் 1942ஐ அப்படிக் குறித்தார்கள். மலாயாவில் இருந்தவர்களின் கடிதக் கட்டு உங்களிடம் இருந்தால் தேதி வாரியாக அடுக்கிப் பாருங்கள். 1941க்குப் பிறகு 1945, 46 வரை ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். அந்த வெற்றிடம்தான் போர். இங்கே ஒரு தாய் தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்த வருஷங்கள் அவை.

எனவே நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். பழைய கவரிலிருந்து தபால்தலையை வெட்டாதீர்கள். செலோ டேப்போ பசையோ போடாதீர்கள். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். யார், யாருக்கு, என்ன உறவு என்று தனித்தாளில் எழுதிக் கூடவே வையுங்கள். அதைச் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு ஆர்வம் இருந்தால் தலைமை அஞ்சலகத்தில் விசாரியுங்கள். தபால்தலை சேர்க்கும் 6 முதல் 9ஆம் வகுப்பு மாணவர்களுக்காக 2017ல் தீன் தயாள் ஸ்பர்ஷ் என்ற உதவித்தொகைத் திட்டம் தொடங்கினார்கள். தேர்வில் வென்றால் ஆண்டுக்கு 6,000 ரூபாய்.

உங்கள் வீட்டுப் பெட்டியில் என்ன இருந்தது என்று கீழே எழுதுங்கள். முத்திரை தெரியும்படி படம் போட்டால், என்னால் முடிந்தவரை படித்துச் சொல்கிறேன்.