கிணறு வெட்டியவர் துடுப்பு பிடித்த கதை



நம்ம நெய்வேலியின் கதையே ஒரு கிணற்றில்தான் தொடங்கியது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது வெளியே வந்ததுதான் பழுப்பு நிலக்கரி. சுரங்கம் மூழ்காமல் இருக்க இன்றும் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிறார்கள். தண்ணீர் இங்கே ஒரு தொந்தரவு!

இன்றைய பதிவின் நாயகன் இதற்கு நேர் எதிரான ஊர்க்காரர். பெயர் தத்து போகனல். 1991இல் பிறந்தவர். மகாராஷ்டிராவின் நாசிக் மாவட்டத்தில், வறட்சிக்குப் பேர்போன தளேகாவ் ரோஹி என்ற கிராமம். அப்பாவோடு சேர்ந்து கிணறு வெட்டுவதுதான் வேலை. 2011இல் அப்பா இறந்துவிட, குடும்பப் பாரம் இவர் தலையில். 2012இல் ராணுவத்தில் சேர்ந்தார்.

அங்கேதான் திருப்பம். ஆறடிக்கு மேல் உயரமான ஆளைப் பார்த்ததும் பயிற்சியாளர்களுக்குத் துடுப்புப் படகு ஞாபகம் வந்துவிட்டது. நம்மாளுக்கோ தண்ணீர் என்றாலே பயம். ஊரில் தண்ணீர் இருந்தால்தானே பழகியிருப்பார் :-)

பயம் போனது. 2016 ஏப்ரலில் தென்கொரியாவில் நடந்த தகுதிப் போட்டியில் இரண்டாவதாக வந்து ஒலிம்பிக் வாய்ப்பைப் பிடித்தார். ஆனால் அப்போது அவருடைய அம்மா விபத்தில் தலையில் அடிபட்டு, மகன் என்ன சாதித்தான் என்பதையே புரிந்துகொள்ள முடியாத நிலையில் இருந்தார். இதைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

ரியோவுக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே துடுப்பு வீரர் இவர்தான். தூரம் 2000 மீட்டர், படகில் ஒரே ஆள். முதல் ஆறு இடங்களுக்கு 'ஏ' இறுதிப் போட்டி, அடுத்த ஆறுக்கு 'பி', அதற்கடுத்து 'சி'. தத்து 'சி' இறுதியில் 6 நிமிடம் 54.96 விநாடியில் முதலாவதாக வந்தார். மொத்தத்தில் 13ஆம் இடம். பதக்கம் இல்லைதான். ஆனால் துடுப்பைத் தொட்டு நாலு வருஷம்தான் ஆகியிருந்தது என்பதை மறந்துவிடாதீர்கள்.

அடுத்து 2018 ஆசிய விளையாட்டு, இந்தோனேசியாவின் பாலெம்பாங். ஆகஸ்ட் 23, ஒற்றையர் இறுதி. உடம்பு சரியில்லை. கடைசியாக வந்தார். எல்லையைத் தொட்டதும் படகிலேயே சரிந்துவிட்டார். அன்று இந்தியத் துடுப்பு அணிக்கு ஒரு பதக்கமும் இல்லை.

மறுநாள் நால்வர் படகுப் போட்டி. சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் மூவரோடும் அதே தத்து மறுபடி படகில் ஏறினார். ஒருவர் தளர்ந்தாலும் நால்வருக்கும் தோல்வி. நேரம் 6 நிமிடம் 17.13 விநாடி. தங்கம்! 2010இல் பஜ்ரங் லால் தாக்கர் வாங்கியதற்குப் பிறகு, ஆசிய விளையாட்டுத் துடுப்புப் போட்டியில் இந்தியாவுக்கு இரண்டாவது தங்கம். 2020இல் தத்துவுக்கு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

பத்து மணி நேர இடைவெளியில் அடுத்த பரீட்சை வந்தாலே புலம்புகிறவர்கள் நாம். முந்தைய நாள் சரிந்து விழுந்தவர் மறுநாள் துடுப்பைத் தொட்டாரே, அதுதான் எனக்குத் தங்கத்தைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

கிணறு வெட்டியவருக்குத் தெரியும்: தண்ணீர் கடைசி அடியில்தான் ஊறும்.