சீனன்குடா ஓடுபாதையும் மண்ணெண்ணெய்க் கார்களும்

கிண்ணியாவில் இருந்து திருகோணமலைக்கு பஸ்ஸில் வரும்போதுதான் இந்தக் கதை தொடங்கியது. சீனன்குடா விமானத்தளத்து வேலி ஓரமாகப் போய்க்கொண்டிருந்தோம். கூட இருந்த நண்பன் போனில் படங்கள் காட்டினான்: ஏதோ ஒரு கார் கழகம், தனியார் ஒருவர் சேர்த்து வைத்திருக்கும் பழைய பந்தயக் கார்களைப் பார்க்கப் போயிருக்கிறது. மினுமினுக்கிற தரை, வரிசையாகக் கார்கள். கழக அங்கத்தவர்களுக்கு மட்டும்தானாம். வெளியே வேலியைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான், "இவ்வளவு நீட்டு ஓடுபாதை கிடக்கு, இதில ஏன் ஒருத்தரும் கார் ஓட்டேல்ல?"

பகிடியாகக் கேட்டாலும் நல்ல கேள்வி. ஏனென்றால் மற்ற இடங்களில் ஓட்டியிருக்கிறார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஊருக்கு ஊர் ஓடுபாதைகள் சும்மா கிடந்தன. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் அப்படியொரு விமானத்தளம். 1950-இல் ஃபார்முலா 1 உலகப் போட்டியின் முதல் பந்தயம் அங்கேதான் நடந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்திலும் போர்க்கால ஓடுபாதை ஒன்றில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல ஆண்டுகள் பந்தயம் நடத்தியது. கோயம்புத்தூர் கரிவர்தன் அங்கே ஓடிப் பேரெடுத்தவர். மாருதி 800 எஞ்சினை வைத்து அவர் செய்த ஒற்றை இருக்கைப் பந்தயக் காரில் தொடக்க காலத்தில் ஓடிய நரேன் கார்த்திகேயன்தான் 2005-இல் ஃபார்முலா 1-க்குள் நுழைந்த முதல் இந்தியர். கோவையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தினர் தங்கள் கார்ச் சேகரிப்பை அருங்காட்சியகமாகவே திறந்துவிட்டார்கள். அதைப் பார்க்க அங்கத்துவம் தேவையில்லை.

இலங்கையில் களுத்துறைக்குத் தெற்கே கட்டுக்குருந்த. பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம், பிறகு பந்தயத்திடல். (கொழும்பில் நடந்தது நேர் எதிர்: போருக்காகக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கினார்கள்.) நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934-இலேயே தொடங்கிவிட்டது. தேயிலைத் தோட்டத்து ரோட்டில், ஒரு தடவைக்கு ஒரு கார், நேரக் கணக்கு. காரை வைத்திருந்தவர்கள் யார், அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் யார் என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சீனன்குடாவுக்கு அந்த வாய்ப்பு வரவேயில்லை. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் இந்தத் தளத்தையும் குண்டு போட்டுத் தாக்கின. போர் முடிந்தும் தளம் சும்மா விடப்படவில்லை. 1957 வரை பிரித்தானியர், பிறகு இலங்கை விமானப்படை. அதற்குப் பிறகு எங்கள் போர். ஓடுபாதை என்றால் எங்கள் தலைமுறைக்கு முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் இருப்பது, அவ்வளவுதான்.

ஆனால் வடக்குக் கிழக்கில் கார் வரலாறே இல்லையென்று ஆகிவிடுமா? யாழ்ப்பாணத்தை எடுங்கள். 1960களில் வந்த இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் போன்ற ஆங்கிலக் கார்களைத்தான் திருத்தித் திருத்தி ஓட வேண்டியிருந்தது. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் நின்றபோது அந்தக் கிழட்டுக் கார்கள்தான் கைகொடுத்தன. பழைய எஞ்சின்களில் அமுக்க விகிதம் குறைவு, அதனால் மண்ணெண்ணெயிலும் இழுக்கும். ஆனால் குளிர்ந்த எஞ்சினை மண்ணெண்ணெய் ஸ்டார்ட் பண்ணாது. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர் கொடுத்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பின்னால் வருபவருக்குப் புகைதான். உதிரிப்பாகம் வராது, லேத்துப் பட்டறையில் கடைய வேண்டும்.

சேகரிப்பாளர்கள் காரின் மதிப்பை அளப்பது அசல் பாகங்களை வைத்து. அந்தக் கணக்கில் தடைக்காலத்துக் கார் பழுதாக்கப்பட்ட கார். அதை நாங்கள் ஏற்கவில்லை. 1955-இல் தொழிற்சாலையில் பூட்டிய ஆணி அந்தத் தொழிற்சாலையின் கதையை மட்டும்தான் சொல்லும். 1992-இல் கடைந்த ஆணி, அந்த வருடம் ஆர் எப்படி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள் என்பதையும் சொல்லும். ஒரு காரை "அசலாக்க" முதலில் கழற்றி எறிவதும் அதைத்தான்.

இதைக் கேட்டுக்கொண்டு திருகோணமலையில் ஒரு கராச்சுக்குப் போனோம். அங்கிருந்த ஐயா தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தவர். பிஸ்கட் ரின்னுக்குள் தேடி, இரண்டு குழாய் பொருந்தும் சின்னப் பித்தளைத் திருகி ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் திருப்பினால் பெற்றோல், மற்றப் பக்கம் மண்ணெண்ணெய். "இதைப் போய் ஏன் பிள்ளையள் படமெடுக்கிறியள்?" என்று சிரித்தார். பிறகு, "பொறுங்கோ" என்று வாங்கி, சாரத்தில் நன்றாகத் துடைத்துவிட்டுத் தந்தார்.